மடிப்பு அறுக்காத புத்தகம்

செல்வாம்பாள் எடுத்து நீட்டிய புத்தகத்தை வைத்திலிங்கம் தயங்கித் தயங்கி வாங்கினான். போன ஞாயிறு தந்ததைவிட மெலிசு. அட்டையில் எழுத்தும் பெரிசு.

முத்தியாலுப்பேட்டைப் படிப்பகத்தில் அதுதான் வழக்கம். ஞாயிறுதோறும் வரும் தொண்டர்கள் அவரவருக்குத் தோதான புத்தகத்தைத் தேர்ந்து, முதல் தாளில் தங்கள் பேரை எழுதிக் கொடுப்பார்கள். திருப்பும்போது எப்படி இருந்தது என்று கேட்பார்கள். வைத்திலிங்கம் எல்லாவற்றுக்கும் "நல்லாருந்துச்சு" என்பான். வேறென்ன சொல்வான், பாவம்? பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து வரி ஆபீசில் குமாஸ்தாவானவன். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டத் தெரியாது. பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி ஒரு வருஷமாகிறது. இனி தாக்கீதெல்லாம் தமிழிலும் இங்கிலீஷிலும்தானாம். குட்டு வெளிப்பட்டால் வேலை போய்விடும். அதனால்தான் நாலு பேர் பார்க்கப் புத்தகமும் கையுமாகத் திரிந்தான்.

செல்வாம்பாளோ, அவன் ஆபீசுக்குக் கடலூரிலிருந்து வந்திருக்கும் புது மேனேஜரின் மனைவி. புருஷன்தான் வேவு பார்க்க அனுப்பியிருக்கிறான் என்று வைத்திலிங்கம் முடிவே கட்டிவிட்டான்.

வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் முதலில் அணில் படம், அடுத்தது ஆடு. குழந்தைகளின் அரிச்சுவடி. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போன வேகத்தில் படிப்பகத்துக்குத் திரும்பி வந்தான்.

"யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லலைங்க." செல்வாம்பாள் குரலைத் தணித்தாள். "முதல்ல எடுத்துட்டுப் போனீங்களே, அதுல பைண்டர் பாதிப் பக்கத்த மடிப்பு அறுக்காமலே விட்டிருந்தான். நல்லாருந்துச்சுன்னு அப்படியே திருப்பிக் குடுத்தீங்க."

பிரெஞ்சுப் புத்தகங்கள் அப்படித்தான் வரும். கத்தியால் கீறித்தான் படிக்கவேண்டும். அதிலேயே வளர்ந்தவன் கண்ணுக்கு மடிந்த பக்கம் உறுத்தவே இல்லை. தன்னையே நொந்துகொண்டான்.

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவர்கிட்டயா? பழைய ஃபைலெல்லாம் பிரெஞ்சுல கிடக்குது, அவருக்கு ஒரு எழுத்து புரியல. வெளிய தெரிஞ்சா ஊருக்கே திருப்பி அனுப்பிடுவாங்கன்னு தூக்கமில்லாம கிடக்கறார். அவருக்குத் தோதா நீங்க ஒரு புஸ்தகம் சொல்லுங்களேன்."

வைத்திலிங்கம் நம்பவில்லை. வாயைக் கிளறுகிறாளோ என்று பயந்தான். இருந்தாலும் மறு ஞாயிறு, சிறுவயதில் தான் படித்த பிரெஞ்சு அரிச்சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தான். தன் பேர் எழுதியிருந்த முதல் தாளை மட்டும் கிழித்திருந்தான்.

கிழிந்த ஓரத்தைச் செல்வாம்பாள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"அன்னிக்கு உங்களுக்குக் குடுத்த அரிச்சுவடியில நானும் என் பேர் எழுதலைங்க," என்றாள்.