மிக்சரில் வந்த இரைச்சல்

“எக்கோ இல்லாத மிக்சரா? அத வச்சி என்ன செய்யப் போறிய?” என்றார் குற்றாலலிங்கம் அண்ணாச்சி.

வண்ணார்பேட்டையில் அவருடைய கடை. மைக்செட் சாமான்களைப் புதிதும் பழையதுமாக விற்கிறார். மேசைமேல் இரண்டு மிக்சர்களை வைத்திருந்தார். ஒன்று புதிது, எட்டு சேனல், புளூடூத், எக்கோ, வரிசையாக நிற விளக்குகள். இன்னொன்று நாலே சேனல். இரும்பு உடம்பு, விளிம்புகளில் பெயிண்ட் போயிருந்தது. என் கையிலிருந்த பணத்துக்கு இரண்டில் எதையும் வாங்கலாம்.

“வீட்டில இருந்து பாடம் ரெக்கார்ட் பண்ணணும். பிளஸ் டூ பிசிக்ஸ்” என்றேன்.

“சத்தமாச் சொல்லுங்க. இந்தக் குரலுக்கு எட்டு சேனலும் பத்தாது.”

கடையில் இருந்த இன்னொருவர் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிசிக்ஸ் படித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். வகுப்பில் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தாலே பேச்சு நின்றுவிடும். ஒரு பருவத்தோடு விட்டுவிட்டேன். தனியாக இருந்தால் பேச்சு வரும். சென்னையில் ஒரு நிறுவனம் பாடங்களை ஒலிப்பதிவாக வெளியிடுகிறது. அங்கே வேலை பார்க்கும் ஃபஹ்மிதாவுக்கு என் மாதிரிப் பதிவு பிடித்திருந்தது. ஆனால் போனில் எடுத்த ஒலி உதவாது என்று சொல்லிவிட்டாள். ஒரு முழுப் பாடத்தை இரைச்சல் இல்லாமல் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறொரு பெண்ணுக்குப் போய்விடும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டையும் சோதித்தேன். யாரும் பேசாதபோது என்ன கேட்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். புதிய மிக்சரில் ஒலியைக் கூட்டியதும் மணலைச் சலிப்பதுபோல ஓர் ஓசை வந்தது. பழையதில் எதுவும் இல்லை. கடையின் மின்விசிறியும் வெளியே பஸ் ஹாரனும் மட்டும் துல்லியமாகக் கேட்டன.

“இதுவே போதும்” என்றேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீடு மாடியில். நானும் அம்மாவும் மட்டும். கீழே வீட்டுக்காரர் பாக்கியசீலன் சார், அவர் மனைவி ஜெபகனி அத்தை, மகன் மெர்வின். மெர்வினுக்குக் கல்யாணம். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. வீடு முழுக்கப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சுவரில் கை வைத்தால்கூடச் சார் சத்தம் போடுவார்.

மிக்சரை மாட்டினேன். ஹெட்போனில் ம்ம்ம் என்று ஒரு முனகல். வயரை மாற்றினேன், மைக்கைக் கழற்றினேன். அது போகவில்லை. மறுநாள் திரும்பக் கடைக்குத் தூக்கிப் போனேன். அண்ணாச்சியின் மேசையில் அது வாயைத் திறக்கவில்லை.

“எங்கிட்ட நல்ல பிள்ளையால்லா இருக்கு. உங்க வீட்லதான் ஏதோ முனங்குது” என்றார். பிறகு ஒரு இரண்டு பின் கன்வர்ட்டரை எடுத்துக் கொடுத்தார். “இதுல மாட்டுங்க. எர்த் படாது. இரைச்சலும் வராது. பாதி மைக்செட்டு இப்படித்தான் ஓடுது.”

சனிக்கிழமை மத்தியானம் அப்படியே மாட்டினேன். முனகல் நின்றது. பாடத்தின் முதல் பாகத்தைப் பதிவு செய்தேன். கேட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. இன்னும் இரண்டு பாகம். நேரம் இருந்தது.

எர்த்தைத் துண்டித்ததும் இரைச்சல் போய்விட்டது. அப்படியென்றால் இரைச்சல் எர்த்தில் இருக்கிறது. எர்த்தில் எதுவும் இருக்கக் கூடாது.

பீரோவிலிருந்து மல்ட்டிமீட்டரை எடுத்தேன். கல்லூரி ப்ராஜெக்டுக்கு வாங்கியது. ஒரு முனையை நியூட்ரலிலும் மறு முனையை எர்த்திலும் வைத்தேன். ஒன்றோ இரண்டோ வோல்ட் காட்டலாம். நாற்பதுக்கு மேல் காட்டியது. மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அப்போது கீழே ஜெபகனி அத்தை கிரைண்டரைப் போட்டார்கள். எண் எழுபதைத் தாண்டியது.

எர்த் வயர் மாடி முழுக்கப் போகிறது. ஃபிரிட்ஜின் உடம்பில் இருக்கிறது. வாஷிங் மெஷினின் உடம்பில் இருக்கிறது. பின்பக்கம் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஓடினேன். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்ற அம்மா மெஷினுக்குள் கையை விடப் போனாள்.

“அம்மா, தொடாத!”

அம்மா பயந்து பின்னால் போனாள். “என்னட்டி இப்படிக் கத்துத?”

“மெஷின்ல கரன்ட் வருது.”

அம்மா தன் விரல்களைப் பார்த்தாள். “கை சுர்ருங்கும். சுகர்தான் நரம்பப் பாதிச்சிட்டுன்னு நெனச்சேன். டாக்டரும் அதுக்குத்தான மாத்திரை தந்திருக்காரு?”

“எப்ப இருந்தும்மா?”

“பெயிண்ட் அடிச்சாவள்லா, அதுல இருந்து.”

அம்மாவை அறைக்குள் உட்காரவைத்தேன். எர்த் வயர் எங்காவது அறுந்தால் எழுபது முழுக் கரன்டாகிவிடும். எந்த நிமிஷமும் அறுந்திருக்கலாம்.

கீழே கதவு திறந்திருந்தது. சார் கல்யாணக் கார்டுகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அத்தை கிரைண்டர் பக்கத்தில் நின்று மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சார், எர்த்துல கரன்ட் வருது. கிரைண்டர நிறுத்தச் சொல்லுங்க” என்றேன்.

திகைப்பார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடிவைத்தார்.

“மேலயும் வருதா?” என்று கேட்டார்.

அந்த ‘மேலயும்’ எனக்கு உடனே புரியவில்லை.

“பெயிண்ட் அடிக்கும்போது அடுக்களை லைன்ல நியூட்ரல் வயர் சுவருக்குள்ள கருகிட்டு. உடைச்சுத்தான் மாத்தணும்னான் எலக்ட்ரீசியன். புதுப் பெயிண்டு பாத்துக்கோ. இப்போதைக்கு எர்த்துல சேத்து ஓட்டச் சொன்னேன். கல்யாணம் முடியட்டும், மாத்திருவோம். பையப் பேசு, மெர்வின் காதுல விழப்போவுது.”

“ஷாக் அடிக்குமே சார்.”

“செருப்பு போட்டா ஒண்ணும் செய்யாது.”

அப்போதுதான் பார்த்தேன். அத்தை காலில் ரப்பர் செருப்பு. அடுக்களைக்குள், ஜெபக்காரக் குடும்பம் என்று வாசலிலேயே எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொல்லும் வீட்டுக்குள், கனமான புது ரப்பர் செருப்பு. சார் காலிலும்.

கிரைண்டர் நின்றது. அத்தை ஸ்விட்சிலிருந்து கையை எடுக்காமல் சாரைப் பார்த்தார்கள்.

“குதிகால் வலிக்கு நல்லதுன்னுல்லா வாங்கித் தந்திய?”

சார் மறுபடி பேனாவை எடுத்தார்.

“டாக்டர் சொன்னாருன்னிய. வீட்டுக்குள்ளயும் கழத்தக்கூடாதுன்னிய. எனக்குக் குதிகால் வலிக்கவே இல்லியேன்னதுக்கு, இனிமே வரும்னிய.”

“சொன்னா நீ பயப்படுவ ஜெபகனி.”

“இவளோட அம்மைக்கு ஏன் செருப்பு வாங்கிக் குடுக்கல?”

சார் கார்டுகளை அடுக்கினார். “மாடிக்குப் போகாதுன்னு நெனச்சேன்.”

நான் படிக்கட்டுக்கு அடியில் இருந்த பலகைக்குப் போனேன். மேலுக்கும் கீழுக்கும் ஒரே மெயின். எந்த ஃபியூஸ் எந்த லைன் என்று எழுதியிருக்கவில்லை. மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, பீங்கான் ஃபியூஸ்களை எல்லாம் பிடுங்கினேன். வீடு முழுக்க மின்விசிறிகள் ஓய்ந்தன.

சார் பின்னாலேயே வந்துவிட்டார். “ஏட்டி ரீபா, என்ன காரியம் பண்ணுத? சாயந்தரம் பொண்ணு வீட்ல இருந்து வாராவ. குடு.”

“வயர் மாத்தின பிறகு தாரேன் சார்.”

“உன் ரெக்கார்டிங்கும்ல நிக்கும்? இன்னிக்குக் கடைசி நாளுன்னு உங்கம்மை சொன்னாளே. கிரைண்டரப் போட மாட்டோம். ரெண்டு பேருக்கும் சோலி முடியட்டும்.”

கன்வர்ட்டர் மாட்டிய மிக்சர் மேலே தயாராக இருந்தது. கிரைண்டர் ஓடாவிட்டாலும் கீழே ஃபிரிட்ஜ் ஓடும். பெண் வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு யாராவது மிக்சியைப் போடுவார்கள். அம்மா மறந்துபோய் மெஷினைத் தொடுவாள்.

அத்தை வாசலுக்கு வந்தார்கள். செருப்பைக் கழற்றி, காலாலேயே வெளியே தள்ளினார்கள்.

“நீ மேல போ, ஏட்டி. அவிய கேட்டா குடுக்காத.”

மாடிக்கு வந்து ஃபஹ்மிதாவுக்குப் போன் செய்தேன். முதல் பாகம் மட்டும்தான் முடிந்திருக்கிறது, கரன்ட் இல்லை என்றேன்.

“இன்னைக்குள்ள வரலைன்னா அந்தப் பொண்ணுக்குக் குடுத்துருவாங்க ரீபா. திங்கட்கிழமை வரைக்கும் கேட்டுப் பாக்குறேன். உறுதியா சொல்ல முடியாது. கரன்ட் எப்ப வரும்?”

மடியில் ஃபியூஸ்கள் கிடந்தன. எதிரே அம்மா தன் மாத்திரை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே ஏதோ விழுந்தது. பிறகு ஒரு பலத்த அடி. “ஜெபகனி, பெயிண்டு, பெயிண்டு!” என்று சார் கத்தினார். இன்னொரு அடி விழுந்தது. காரை கொட்டும் சத்தம்.

“பின்னாடி என்ன அவ்வளவு சத்தம்?” என்றாள் ஃபஹ்மிதா.

“சுவர உடைக்காங்க” என்றேன்.