செய்தியில் வந்த பிள்ளை

அன்று குற்றாலம் ரோட்டு வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் உச்சிமாகாளி, பட்டாளத்தில் இருக்கும் அவர் மகனின் மனைவி இசக்கிச்செல்வி, தம்பி மகன் சுடலைராஜ், இசக்கிச்செல்வி பெற்ற பேரப்பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அதன் பெயர் மணிகண்டபிரபு. தான் பெண் என்றும், அபர்ணா என்று கூப்பிடுங்கள் என்றும் அது கேட்டு ஆறு மாதமாகிறது. யாரும் கூப்பிடவில்லை.

சுடலைராஜின் போனில் உள்ளூர் யூடியூப் சேனல் அலறியது. பதினாறு வயசுப் பையனைப் பெண்ணாக மாற்றக் கேரளாவில் ரகசிய ஆப்பரேஷனாம். கூடவே பிள்ளையின் படம்.

"அப்படி ஒண்ணும் நடக்கலையே" என்றாள் இசக்கிச்செல்வி.

"நடந்தா என்ன, நடக்காட்டா என்ன மதினி? ஊரு பாத்துட்டு. வாற செவ்வாய் கோயில் கொடைத் திருவிழா. பெரியப்பா தலையில பரிவட்டம் கட்டணும்னா இந்தப் புள்ள ஊர்ல இருக்கப்படாதுன்னு கோயில் பங்காளி ஆறு வீட்டுக்காரவுகளும் சொல்லுதாவ."

உச்சிமாகாளி படத்தையே பார்த்தார். போன கொடையில் எடுத்தது. வெட்டியது போக, பிள்ளையின் தோளில் செப்பு மோதிரம் போட்ட விரல்கள் மிச்சமிருந்தன.

"ஏலே சுடல, இது நம்ம குடும்ப குரூப்புல மட்டும்லா கெடந்துது?"

சுடலைராஜ் மோதிரக் கையை மடியில் வைத்துக்கொண்டான். "சேனல்காரன் பழக்கம் பெரியப்பா. கேட்டான்."

இசக்கிச்செல்வி பாதி காலியான மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து மாமனார் முன் வைத்தாள். "இதையும் பாத்திருங்க மாமா. புஸ்தகப் பையில இருந்துச்சு."

"யாருலே குடுத்தா?" என்று பேரப்பிள்ளையைக் கேட்டார் உச்சிமாகாளி.

"ஆன்லைன்ல வாங்குனேன் தாத்தா. இதப் போட்டா பொண்ணா மாறலாம்னு ஒரு வீடியோவுல சொன்னாவ."

"டாக்டரக் கேக்கப்படாதா?"

"ஆஸ்பத்திரிப் படி ஏறுனா குடும்ப மானம் போயிரும்னு நீங்கதான சொன்னிய."

முப்பத்தாறு வருஷம் ஊராரை விசாரித்தவர், மாத்திரைகளின் பெயரை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், பிள்ளையைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனார். டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தி, ரத்தம் எடுக்கச் சொன்னார். "இந்த வயசுல ஆப்பரேஷன்ங்கிற பேச்சே இல்ல. முதல்லயே ஏன் கூட்டிட்டு வரல?" என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொன்னார்.

செவ்வாய் காலை மேளம் கேட்டது. சுடலைராஜ் அழைக்க வந்தான். "புள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டாவது வாங்க பெரியப்பா. சாமி காத்துக் கெடக்கு."

"சாமி இருக்கும்லே. டாக்டரு போயிருவா." வாட்சைக் கட்டிக்கொண்டே உள்ளே பார்த்தார். "அபர்ணா, கெளம்புட்டி. பஸ்ஸு வந்துரும்."

அவமானம் தாங்காமல் பெரியவர் கொடையன்று ஊரைவிட்டு ஓடிவிட்டார் என்று பாவூர்சத்திரம் மார்க்கெட் வரை பேசினார்கள். ஓடவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கப் போனார். சாயங்காலம் நாலரைக்கு இருவரும் வீடு திரும்பினார்கள்.