மார்ச்சில் இறங்காத கைகள்

2019 ஜூலை கடைசி நாள், சம்பளத்தில் வருமான வரி பிடித்ததாக ஃபோனில் செய்தி வந்த அதே நிமிடம், தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலைச் சேர்ந்த பாரியின் இரண்டு கைகளும் தாமாகவே தலைக்கு மேல் உயர்ந்து ஒரு மணி நேரம் அப்படியே நின்றன. பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகும் ரயிலில் இருந்தார். இருந்த கூட்டத்தில், மேல்கம்பியைப் பிடித்திருக்கிறார் என்று நினைத்து யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த மாதக் கடைசி நாள் சனிக்கிழமை, வீட்டில் இருந்தபோது மறுபடி தூக்கிக்கொண்டன. அப்பா ராமசாமி தங்கச் சுரங்கத்தில் முப்பது வருடம் உழைத்தவர், பார்த்ததும் புரிந்துகொண்டார். ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற சுரங்க லிப்ட்டில் மேலே வரும் தொழிலாளிகள் கையைத் தூக்கி நிற்க வேண்டும். தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பார்கள். "இது சோதனை கைடா, எங்க கிட்டருந்து உனுக்கு வந்துகீது" என்றார். அதனால் டாக்டரிடம் போகவில்லை.

சம்பளம் ஏற ஏற நேரமும் ஏறியது. இரண்டு வருடத்தில் மாதக் கடைசியில் ஒரு முழு நாள். வருடத்தில் குறைத்துப் பிடித்த வரியையெல்லாம் கம்பெனி சேர்த்துப் பிடிக்கிற மார்ச்சில் முதல் தேதியிலிருந்து ஒரு வாரம். கல்யாணமாகி வந்த நிலா, அந்த நாட்களில் சட்டைப் பொத்தான் போட்டுச் சோறு ஊட்டினாள். கம்பெனியும் வீட்டிலிருந்தே பேசி வேலை செய்ய விட்டது. பாரிக்கு வயிறெரிந்தது கையால் அல்ல. பக்கத்துப் பூதிகோட்டையில் ஒருவர் லாரி லாரியாகத் தக்காளி விற்று மூன்று மாடி கட்டினார். அவர் கைகள் பன்னிரண்டு மாதமும் சும்மா தொங்கின. இவர்கள் பௌத்தக் குடும்பம். கல்யாணத்திலேயே அரசியலமைப்புச் சட்டத்தின் முகப்புரையை வாசித்துத்தான் மாலை மாற்றுவது. புத்தர் சிலைக்குப் பக்கத்திலிருந்த அந்தப் புத்தகத்தை எடுத்து நிலா மூன்று நாள் படித்தாள்.

"சட்டம் இல்லாம வரி வாங்கக் கூடாதுன்னு எழுதிகீது. சட்டம் கீது. நாம ஓட்டு போட்டு அனுப்பனவங்க போட்டதுதான். அதனால வாங்கறது செல்லும்."

"அப்ப தக்காளிக்கு?"

"வெவசாயத்து வருமானத்த மாநிலத்துக்கு வுட்டுட்டாங்க. மாநிலம் வாங்கல."

"செல்லும்னா செல்லட்டும். நாயமா அது?"

"அது இதுல எழுதல" என்று நிலா புத்தகத்தை மூடினாள். அது ஏன் எழுதவில்லை என்று கேட்டு பாரி டில்லிக்கு ஒரு மனு அனுப்பினார். பெற்றுக்கொண்டதாக ரசீது மட்டும் வந்தது.

2023 மார்ச்சில்தான் சிக்கல். முதல் தேதி தூக்கிய கைகள் பத்தாம் தேதியும் இறங்கவில்லை. நிலாவுக்கு அந்த மாதக் கடைசியில் பிரசவம். பிள்ளையை வாங்கக் கையில்லாமல் போய்விடுமோ என்று பாரி சாப்பிடுவதைக்கூட விட்டார். ராபர்ட்சன்பேட்டையில் வரிக்கணக்கு எழுதிக் கொடுக்கும் மனோகர் வந்து பார்த்துவிட்டு, அப்பாவுக்கு வாடகை கொடுப்பதாக ரசீது போட்டால் வரி குறையும், கையும் இறங்கும், ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் என்றார். ராமசாமி மகனிடம் ஒரு பைசா வாடகை வாங்கியதில்லை. ஆனாலும் பேரப்பிள்ளை விஷயமாயிற்றே, யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார். பாரியின் கைகள் சடாரென்று கீழே விழுந்தன. அதே நொடி கிழவரின் கைகள் பேனாவோடு மேலே போயின. சுரங்கத்தில் ஒரு குண்டுமணித் தங்கம்கூட எடுக்காத மனுஷன். அவமானத்தில் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். பாரி இறங்கிய கையை ஒரு தரம் பார்த்தார், அப்பாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு அவரே ரசீதைக் கிழித்தார். கிழித்து முடிப்பதற்குள் கிழவரின் கைகள் இறங்கின, பாரியின் கைகள் பழையபடி தூக்கிக்கொண்டன. "பைத்தியக்காரா" என்று ராமசாமி அழுதார்.

இருபத்தெட்டாம் தேதி பெண் பிறந்தாள். நர்ஸ் ஜெனிட்டா ஆஸ்பத்திரி வராந்தாவுக்குத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு கையும் மேலே இருந்த தகப்பனைப் பார்த்தார். "நீங்க எறக்க வேணாம், இருங்க" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பிள்ளையை அந்த இரண்டு உள்ளங்கைகளிலும் படுக்க வைத்தார். பாரிக்கு நிமிர்ந்து பார்த்தால் முதுகும் ஒரு குதிகாலும்தான் தெரிந்தன. வாய்விட்டு அழுதார். பிள்ளை தூங்கியது.

ராமசாமி கீழேயிருந்து வெகுநேரம் பார்த்தார். "முப்பது வருசம் இப்டி நின்னேன் ஜெனிட்டாம்மா. ஒரு நாளும் கையில ஒண்ணும் இருந்ததில்ல" என்றார்.

டில்லியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. குழந்தை வளர்ந்துவிட்டாள். மார்ச் பிறந்தால் அவள் ஸ்டூலைத் தானே இழுத்துவந்து, அப்பாவின் தோளில் ஏறி, தூக்கிய கைகளைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். அப்படியே வெளியே கிளம்பினால், கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் தூரத்தில் வருவதை முதலில் பார்த்துச் சொல்வது அவள்தான். கூட்டம் அதற்கப்புறம்தான் பையைத் தூக்குகிறது.