செய்தவர் வீட்டில் இல்லை

புதிதாக வந்திருந்த போதகருக்குச் சபை வைத்த பெயர் 'மூணு குறிப்பு'. எதைப் பேசினாலும் மூன்று குறிப்புகளாகத்தான் பேசுவார். கல்யாணத்துக்கு மூன்று, சாவுக்கு மூன்று. தேவாலயக் கூரை ஒழுகியதைப் பற்றிக்கூட மூன்று சொன்னார். மூன்றாவது முடிவதற்குள் மழையே நின்றுவிட்டது என்பார்கள். கெட்ட மனிதர் இல்லை. படித்த படிப்பு புதுச் செருப்பு மாதிரி இன்னும் கடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவர் இன்று தையல்காரம்மாவின் முன்னறையில், வெட்டிக் குவித்த பள்ளிச் சீருடைத் துணிகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். மடியில் சின்னத் தோல்பெட்டி, அதற்குள் திருவிருந்துக்கான அப்பமும் திராட்சரசமும். பெட்டியைத் திறப்பதா வேண்டாமா என்பதுதான் விவகாரம்.

தையல்காரம்மாவின் கணவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். நினைவு தேய்ந்துகொண்டே வந்து, இப்போது இதயமும் தளர்ந்துவிட்டது. "எப்ப வேணும்னாலும்" என்று டாக்டர் கைவிரித்தபின், வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுக்கச் சொல்லி அவள்தான் கேட்டிருந்தாள்.

"பாவ அறிக்கை இல்லாம எப்படிம்மா?" என்றார் போதகர். "முதல்ல, செஞ்ச பாவத்தை உணரணும். ரெண்டாவது, அதுக்காக வருந்தணும். மூணாவது, தன் சொந்தச் சித்தத்தால அதை விட்டுத் திரும்பணும்."

"திரும்பிட்டார் ஐயா. மூணாவது முடிஞ்சுது. முதல் ரெண்டும்தான் பாக்கி."

வரிசை மாறினால் செல்லுமா என்று போதகர் யோசித்தார். படித்த இடத்தில் அதைச் சொல்லித் தரவில்லை.

போஸ்ட்மாஸ்டர் ஒரு காலத்தில் சபைக்குழுச் செயலாளர். முதல் வரிசை, கஞ்சி போட்ட சட்டை, கணீரென்ற குரல். மாதந்தவறாமல் திருவிருந்து எடுப்பார். அப்போதிருந்த போதகர்கள் அவரிடம் பாவ அறிக்கை கேட்டதில்லை. நாற்காலி வாடகைக்கு எடுத்தாயிற்றா என்றுதான் கேட்பார்கள். ஒரு நாள், தன்னிடம் கேட்காமல் தங்கையைப் பார்க்கப் போய்வந்தாள் என்பதற்காக, மனைவியின் கை நிலைச்சட்டத்தில் இருக்கும்போதே கதவை அறைந்து சாத்தினார். அந்த ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசித்ததும் அவர்தான். என்ன உச்சரிப்பு என்று எல்லாரும் வியந்தார்கள். கட்டுப்போட்ட கையைப் பார்த்துக் கேட்டவர்களிடம் "கதவு" என்றாள் அவள். அது பொய்யும் இல்லை. இடது கையில் இரண்டு விரல்கள் அன்றிலிருந்து மடங்குவதில்லை. மற்ற விரல்களை வைத்துத்தான் இத்தனை காலமும் துணியைத் தள்ளித் தைத்தாள்.

வியாதி வந்து முதலில் அவரிடமிருந்து பெயர்களை எடுத்தது, பிறகு கிழமைகளை, பிறகு கோபத்தை. கோபம் காணாமல் போனதை வீட்டில் யாரும் தேடவில்லை. இப்போது தண்ணீர் கொடுத்தால் நன்றி சொல்கிறார். 'ஏய்' என்பதே பெயராக இருந்தவளை 'ஏம்மா' என்கிறார். சாயங்காலமானால் அந்த விரல்களைத் தன் கைக்குள் வைத்துத் தடவியபடி, "எப்படி ஆச்சு?" என்று புதிதாகக் கேட்பார். "கதவு" என்பாள். "யாரா இருந்தாலும் பாத்துச் சாத்த வேணாமா?" என்று வருத்தப்படுவார்.

இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிப்பதா, அழுவதா? அவர் போய்ச் சேர்வதற்குள் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் அவளுக்கு இருந்தது. போதகரைக் கூப்பிட்டதே திருவிருந்துக்காகவா, அந்த வார்த்தைக்காகவா என்று அவளுக்கே சந்தேகம்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள். "அவர் நல்லவரா ஆனது அவர் சித்தமா, வியாதியோட சித்தமா? அவர் சித்தம்னா இவ்வளவு காலம் அது எங்க போயிருந்துச்சு? அங்க நியாயத்தீர்ப்புன்னு நிக்கும்போது, எந்த ஆளை நிறுத்துவாங்க? இந்த ஆளைத் தண்டிக்க எனக்கே மனசு வராது. அந்த ஆளைச் சும்மா விடவும் மனசு வரல."

"அதுல மூணு..." என்று தொடங்கிய போதகர் நிறுத்திக்கொண்டார். ஒன்றுகூட வரவில்லை.

அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து போஸ்ட்மாஸ்டர் வந்தார். தலை படிய வாரியிருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. தோல்பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க. பார்சலா, பதிவுத் தபாலா?"

"நான் போதகர் ஐயா. உங்க பாவங்களை ஒருதடவை நினைச்சுப் பாருங்க."

"நினைச்சுப் பாக்கறதுதான் வரமாட்டேங்குது. நீங்களே சொல்லுங்க, ஒத்துக்கறேன்."

"பொதுவா, பெருமை... கோபம்..."

"எல்லாத்தையும் போட்டுக்குங்க. கையெழுத்து எங்க?"

போதகருக்கு அது போதும் போலிருந்தது. பெட்டியின் கொக்கியில் கை வைத்தார். அவளுக்குப் போதவில்லை. எழுந்து வந்து கணவரின் முன்னால் நின்று இடது கையை நீட்டினாள்.

"என்னங்க. இது கதவு இல்ல. நீங்க."

அவர் விரல்களைப் பார்த்தார். "நானா?"

"கை உள்ள இருக்கறது தெரிஞ்சுதான் சாத்தினீங்க. நான் தங்கச்சி வீட்டுக்குப் போனதுக்கு."

"ச்சே. அப்படியா செஞ்சேன்?" அவர் போதகர் பக்கம் திரும்பினார். "நான் அப்படிச் செய்யற ஆளா ஐயா?"

போதகருக்கு எப்படித் தெரியும்? அவர் இந்தச் சபைக்கு வந்ததே போன வருஷம்தான்.

போஸ்ட்மாஸ்டர் வெகுநேரம் தனக்குள் எங்கேயோ தேடினார். ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்ப்பவர் மாதிரி நெற்றி சுருங்கியது. கடைசியில் தலையை ஆட்டினார்.

"எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா இந்த அம்மா பொய் சொல்ல மாட்டாங்க." மெதுவாக மூச்சு விட்டார். "அப்ப செஞ்சது நான்தான். என்னை மன்னிச்சிரும்மா."

யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சாட்சி யாரும் இல்லை.

எதிர்பார்த்த வார்த்தை வந்துவிட்டது. வந்தபின் அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. தையல் மிஷின் ஸ்டூலில் போய் உட்கார்ந்து, ஒரு சீருடைத் துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். போதகர் காத்திருந்தார். வாய் திறக்காமல் காத்திருந்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத காரியம்.

அவள் துணியை எடுத்தபோது கணவர் கலவரத்தோடு குனிந்து நின்றிருந்தார்.

"ஏம்மா அழறீங்க? யாரு என்ன சொன்னாங்க?"

போய்விட்டது. அவ்வளவு நேரம்தான் நின்றது.

அவள் அவரையே பார்த்தாள். மாறிப்போன பொத்தானைக் கழற்றிச் சரியான துளையில் போட்டுவிட்டாள்.

"மன்னிச்சுட்டேன்," என்றாள்.

"எதுக்கு?"

"விரலுக்கு."

"அப்ப நல்லது," என்றார் அவர், நிம்மதியாக.

போதகர் பெட்டியைத் திறந்தார். அப்பத்தைப் பிட்டார். குறிப்பு எதுவும் சொல்லவில்லை. இருவரும் வாங்கிக்கொண்டார்கள், கணவர் கிண்ணத்தைப் பிடிக்க அவள் கை கொடுத்தாள்.

வாசல்வரை வழியனுப்ப வந்தவளிடம் போதகர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எல்லாத்தையும் மன்னிச்சிட்டீங்களாம்மா?"

"விரலுக்கு மட்டும்தான் ஐயா. அடுத்த மாசமும் வாங்க. இன்னும் நிறைய இருக்கு."

"அவசியம் வரணும்," என்றார் அவள் பின்னால் வந்து நின்ற போஸ்ட்மாஸ்டரும், மிகுந்த உபசாரத்தோடு.