எழுந்தவர் கணக்கு

கர்ப்ப வயிற்றோடு மகள் ரெஜினா பார்வையாளர் மாடத்தில் வந்து உட்கார்வதைக் கண்டதும் நோட்புர்கா கீழே உறுப்பினர் வரிசையில் தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். ஆஸ்திரிய மலைநாட்டின் அந்த மாகாணச் சட்டசபையில் எழுந்து நின்றால் சம்மதம், உட்கார்ந்திருந்தால் மறுப்பு. வசந்தத்தில் அவளுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை ஆனபோது, கட்சிக் கொறடா ரூப்ரெக்ட்தான் அவைத்தலைவரிடம் பேசிச் சலுகை வாங்கித் தந்தான். அக்கா உட்கார்ந்தே இருக்கட்டும், கட்சியோடு எழுந்ததாக எண்ணிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அவளும் மனம் குளிர்ந்து ஆப்பிள் ஸ்ட்ரூடல் பலகாரம் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இன்றைய தீர்மானம் அவள் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரே பிரசவ வார்டை மூடுவது. பனி கொட்டினால் கணவாய்ப் பாதை அடைபட்டுவிடும். ரெஜினாவுக்கு நாள் குறித்திருப்பதோ ஜனவரியில். அவளுடைய ஆளுங்கட்சிக்கு ஒரே ஓட்டுதான் அதிகம். காலையில் கட்சிக் கூட்டத்தில் மனசாட்சிப்படி நடக்கப்போவதாகச் சொல்லிப் பார்த்தாள்.

"மனசாட்சி எல்லாருக்கும்தான் இருக்குக்கா," என்றான் ரூப்ரெக்ட். "அத வீட்டுல விட்டுட்டு வர்றதுக்குத்தான் நமக்குச் சம்பளம்."

எல்லோரும் சிரித்தார்கள். வெட்கங்கெட்டு அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள். ஆனால் எழமாட்டேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்க என்ன பெரிய வீரம் வேண்டிக் கிடக்கிறது? அதுகூடவா முடியாது?

வாக்கெடுப்பு வந்தது. கட்சி வரிசை மொத்தமும் எழுந்தது. நோட்புர்கா நாற்காலிக் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரூப்ரெக்ட் அவளைக் குனிந்து பார்த்தான். பிறகு கையை உயர்த்தி, "அக்காவுக்கு முட்டி வலி. வழக்கம்போல எண்ணிக்குங்க," என்றான். அவைத்தலைவர் பரிவோடு தலையசைத்தார்.

"இல்ல," என்றாள். அவள் ஒலிவாங்கி அணைந்திருந்தது; பக்கத்து இருக்கைக்குக்கூடக் கேட்கவில்லை. மறுத்துச் சொல்லப் பதறிப்போய் மேசையில் கையூன்றி எழுந்தாள். முட்டியில் உயிர் போனது.

கைதட்டல் எழுந்தது.

"வலியோட எழுந்து நிக்கிறாங்க பாருங்க. கட்சின்னா இதுதான்," என்று உரக்கச் சொன்ன ரூப்ரெக்ட், அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, காதருகே குனிந்தான். "உக்காருங்கக்கா. எண்ணியாச்சு."

தீர்மானம் நிறைவேறியதாக மணி அடித்தது. அவள் உட்காரவில்லை, உட்கார்ந்து இனி என்ன ஆகப்போகிறது? நிமிர்ந்து மாடத்தைப் பார்த்தாள்.

அங்கே ரெஜினா ஒரு கையால் வயிற்றைத் தாங்கி, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்து, மெல்ல எழுந்துகொண்டிருந்தாள். அவள் எழுந்ததை யாரும் எண்ணவில்லை.