நாற்பது நாள் ஓடை

1

இந்தக் கதை பிறந்தது ஒரு படிவத்தில். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் யாரும் உள்ளுணர்வு, உந்துதல் என்று பேசக் கூடாது பாருங்கள். தொண்டு நிறுவன ஆபீஸிலிருந்து பிரதீப் அனுப்பிய படிவம் அது. தலைப்பு 'வெற்றிக் கதை'. எண்ணூறு வார்த்தை. ஊர்ப்பேர் கூடாது, உணர்ச்சி வேண்டும். 'நான்' கூடாது, படர்க்கையில் எழுதவும்.

ஆகவே இதை எழுதுகிற கோமளா தன்னைத் தானே 'கோமளா' என்று கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்ன கருமமோ.

2

முதல் தொடக்கம்: "கொங்கு மண்ணில் அன்று வீசிய அமைதித் தென்றலில்—"

தூ. பல்லடம் ரோட்டில் ஏது தென்றல்? வீசுவது கோழிப்பண்ணை நாற்றம்தான். அடித்தாயிற்று.

இரண்டாம் தொடக்கம்: "மேல வீதியும் கீழ வீதியும் ஒருதாய் மக்களாக—"

ஒருதாய் மக்களாக இருந்திருந்தால் போன வருஷமே அடித்துக்கொண்டிருப்பார்கள். இதையும் அடித்தாயிற்று.

உள்ளதைச் சொல்லிவிடலாம். மாசி மாதம் சாமி ஊர்வலத்தில் ஒரு பைக் உரசியது. யார் பைக், யார் மேல் என்பதற்கு வீதிக்கு ஒரு பதில் இருக்கிறது. மறுநாள் மத்தியானத்துக்குள் இரண்டு ஆட்டோ, ஒரு கறிக்கடை, நடுவிலிருந்த பனியன் கம்பெனி எல்லாம் எரிந்து முடிந்தன. இரண்டு வீதிக்கும் சோறு போட்டது அந்தக் கம்பெனிதான். அதையே கொளுத்திவிட்டு எல்லாரும் வெறும் கையோடு நின்றார்கள். தீபாவளி கழிந்துதான் திறப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அதற்காக வந்தது இந்த நாற்பது நாள் கூலித் திட்டம். இரண்டு வீதிக்கும் நடுவே ஓடுகிற ஓடையைத் தூர்வார வேண்டும். ஜோடி ஜோடியாக வேலை. ஜோடியில் ஒருத்தர் மேல வீதி, ஒருத்தர் கீழ வீதி. நாள் கூலி. சூப்பர்வைசர் கோமளா.

3

கதைக்கு ஆள் வேண்டுமே. கோமளா இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தாள்.

மயிலாள், மேல வீதி, ஓவர்லாக் டெய்லர். சபுரா பீவி, கீழ வீதி, மயிலாளைவிடப் பத்து வயது மூத்தவர், அவளுக்குக் கைமடி. அதாவது மிஷினுக்குத் துணியை எடுத்துக் கொடுப்பவர், தைத்து வருவதை வாங்கி அடுக்குபவர். பதினோரு வருஷம் ஒரே மிஷின். எரிந்த ஆட்டோவில் ஒன்று மயிலாள் வீட்டுக்காரர் மாரப்பனுடையது. எரிந்த கறிக்கடை சபுரா பீவியின் தம்பி சனாவுல்லாவுடையது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

ஓடையிலும் இந்த ஜோடிதான். மயிலாள் மம்பட்டியால் வெட்டுவாள், சபுரா பீவி இரும்புச் சட்டியில் அள்ளிக் கரையில் கொட்டுவார். ஒரு வார்த்தை கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் கோமளா.

"அம்மிணி, சட்டியைக் கொஞ்சம் கிட்டக்க வெக்கச் சொல்லுங்க அந்தம்மாள."

"கிட்டக்கத்தான் இருக்குதுன்னு சொல்லுங்க அம்மிணி."

இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. கோமளாவுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

(முந்தின நகலின் ஓரத்தில் பிரதீப் எழுதிய குறிப்பு: 'பாத்திரங்கள் நம்பும்படி இல்லை மேடம். பேசாமல் எப்படி வேலை நடக்கும்?' நடந்தது சார். அதுதான் இப்போது தலைவலி.)

4

நாற்பது நாள் வேலை இருபத்திரண்டாம் நாள் முடிந்துவிட்டது.

இது வேறெந்த ஊரிலும் நடக்காது. நாள் கூலி என்றால் மற்ற ஊரில் வெற்றிலை போட்டு, நிழலில் உட்கார்ந்து, நாளை ஓட்டத் தெரியும். இவர்கள் பீஸ் ரேட்டில் வளர்ந்தவர்கள்.* கை வேகமாக ஓடினால்தான் காசு என்று உடம்பிலேயே ஊறிவிட்டது. எட்டு மணிக்கு இறங்கினால் டீ டைமுக்குத்தான் நிமிர்வார்கள். சாயக் கசடு, பனியன் வேஸ்ட், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் வழித்து எடுத்துத் தரையைக் காட்டிவிட்டார்கள்.

மெதுவாகப் போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டியவள் கோமளா. அவளும் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள்தானே. தினமும் சாயங்காலம் "சூப்பருங்க, நாளைக்கு இன்னும் இருபதடி டார்கெட்" என்று கைதட்டியிருக்கிறாள். மடச்சி. இந்த வார்த்தையைப் பிரதீப் வெட்டக் கூடாது.

வேலை முடிந்தால் கூலி முடிந்தது. மீதிப் பதினெட்டு நாளுக்கு வேறு வேலை தருவதா வேண்டாமா என்று, இந்தக் கதையைப் படித்துவிட்டுத்தான் மேலிடம் முடிவு செய்யுமாம். அந்த மேலிடம் நீங்கள்தான்.

* ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு ஊட்டுக்குப் போய் பீஸுக்கு இவ்வளவு என்று பனியன் பிசிறு வெட்டுகிறவர்கள். இவர்களிடம் போய் 'மெதுவா' என்றால் உடம்புக்கு என்னவோ என்று கேட்பார்கள்.

5

முடிவுகள், இதுவரை எழுதி அடித்தவை:

அ. இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (பிரதீப்புக்கு இதுதான் வேண்டும், போட்டோவோடு.)

ஆ. அள்ளிய சேற்றை மறுபடி ஓடையில் தள்ளிவிட்டு மறுபடி அள்ளுகிறார்கள். சிரிக்காதீர்கள், மாரப்பன் நிஜமாகவே கேட்டார்: "ஏனுங் அம்மிணி, பாதியத் திருப்பித் தள்ளீரலாமுங்களா?" ஒரு நிமிஷம் கோமளாவும் யோசித்தாள்.

இ. சபுரா பீவி பேசாமலே போய்விடுகிறார்,

இதை முடிக்கக் கை வரவில்லை.

6

ஏனென்றால் இருபத்திமூன்றாம் நாள் காலை நடந்தது இது. வேலை இல்லை என்று தெரிந்தும் எல்லாரும் சோற்றுத் தூக்குப் போசியும் மம்பட்டியுமாக எட்டு மணிக்கு ஓடைக்கரையில் வந்து நின்றார்கள். சபுரா பீவி கோமளாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"கூலி நின்னுபோச்சுன்னா நா ஊட்டைக் காலி பண்றனுங்க அம்மிணி. மக அஃப்ஷீன் வரச்சொல்லிட்டே இருக்கறா. வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சதும் டெம்போ வருது. இனி இந்தப் பக்கம் வர்றாப்ல இல்லீங்க."

பக்கத்தில் நின்ற மயிலாள் மம்பட்டியைத் தொப்பென்று போட்டாள். பழக்கதோஷத்தில் கோமளாவைப் பார்த்து, "அம்மிணி, அந்தம்மாளக் கேளுங்க—" என்றவள் நிறுத்தினாள். நேராகத் திரும்பினாள்.

"ஏனுங்க்கா, ஊரை உட்டுப் போறதுக்குத்தான் அந்த அள்ளு அள்ளுனீங்களா?"

ஐந்து மாதத்தில் முதல் வார்த்தை. சபுரா பீவிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏம்புள்ள, நீ வெட்டுன வேகத்துக்கு நா கையக் கட்டீட்டு நிக்கறதா? பதினோரு வருஷத்துல உம்பட மிஷின நா எப்பப் புள்ள துணியில்லாமக் காயப் போட்டிருக்கறேன்?"

"போட்டிருக்கோணும்! ஒரு நாளாச்சும் போட்டிருக்கோணும்! இன்னும் பதினெட்டு நாள் இருந்திருப்பீங்கல்ல!"

அப்புறம் பேச்சில் ஆட்டோ வந்தது, கறிக்கடை வந்தது, யார் யார் வேடிக்கை பார்த்தார்கள் என்பதெல்லாம் வந்தது. இரண்டு வீதியும் கூடிவிட்டது. கலவரத்திலிருந்து கரையில் போட்டிருந்த பந்தோபஸ்துப் போலீஸ்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கோமளாவின் ஃபோனில் பிரதீப்.

"என்ன மேடம் சத்தம்? மோதலா?"

7

படிவத்தின் கடைசிக் கேள்வி: 'பயனாளிகளிடையே நிலவுவது: இணக்கம் / மோதல். ஒன்றில் மட்டும் டிக் அடிக்கவும்.'

பிரதீப்பின் விளக்கம்: இணக்கம் என்றால் நோக்கம் நிறைவேறிவிட்டது, மீதி நாள் தேவையில்லை. மோதல் என்றால் திட்டம் தோல்வி, மீதி நாள் கிடையாது. எதை அடித்தாலும் டெம்போ வந்துவிடும். இதைக் கண்டுபிடித்த மகராசன் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

கோமளா டிக் அடிக்கவில்லை. கரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள், சத்தம் இன்னும் ஓயவில்லை. நடுவில் சபுரா பீவியின் ஃபோன் அடிக்கிறது.

"டெம்போக்காரனாத்தான் இருக்கும், எடுங்க. எடுத்து வரச்சொல்லீட்டுப் போங்க," என்கிறாள் மயிலாள், மூக்கைச் சிந்திக்கொண்டு.

"பேசீட்டிருக்கறேன்ல? அடிச்சுட்டுக் கெடக்கட்டும்," என்கிறார் சபுரா பீவி.

எண்ணூறு வார்த்தை ஆகிவிட்டது. ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். இரண்டு கட்டமும் காலியாக இருக்கின்றன, உங்களுக்காகப் பேனாவையும் படிவத்தோடு வைத்து அனுப்பியிருக்கிறாள்.