மூணாம் தொட்டியின் இங்கிலீஷ் முடிவு

திருப்பூரில் மெர்ச்சன்டைசராக இருப்பவனுக்கு முதுகெலும்பு தேவையில்லை. தலையாட்டக் கழுத்து இருந்தால் போதும். பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினேழு வருஷமாக, துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் தைக்கிறவர்களுக்கும் நடுவில் நின்று, நான் அந்தக் கழுத்தை வைத்துத்தான் பிழைக்கிறேன். நாங்கள் அனுப்பிய பச்சைத் துணியைப் பார்த்துவிட்டு இது பச்சையே இல்லை என்று பையர் மெயில் போட்டால், "நோட்டட் வித் தேங்க்ஸ், ப்ளீஸ் ப்ரொசீட்" என்று பத்து நிமிஷத்துக்குள் பதில் போய்விட வேண்டும். கூட வந்த அட்டாச்மென்டை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் சரி என்று சொல்லிவிடுவது, பிறகு போனில் கெஞ்சிக் கூத்தாடி நமக்குத் தோதாக மாற்றிக்கொள்வது, இதுதான் எங்கள் ஊர் வழக்கம். எங்களுக்கு ஓகே என்பது பேரத்தின் ஆரம்பம். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

இந்த லட்சணத்தில் ஒரு சினிமா வேறு எடுத்தேன். பெயர் ‘மூணாம் தொட்டி’. நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் தனபால் தயாரிப்பாளர். வீரபாண்டிப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு சாயப்பட்டறையில் இருபத்து மூன்று நாளில் எடுத்து முடித்தோம். தியேட்டரில் நாலு நாள் ஓடியது, அதில் இரண்டு நாள் எங்கள் சொந்தக்காரர்களால் ஓடியது. பிறகு ஓடிடியில் போட்டார்கள். அங்கே அதை யார் யாரோ பார்த்தார்கள்.

கதை என்னுடையதல்ல. எங்கள் கம்பெனி செக்கிங் செக்‌ஷனில் தைத்து வந்த பீஸில் குறை பார்க்கும் நிர்மலாக்காவுடையது. அவருடைய ஒரே மகன் மோகன்ராஜ், இருபத்திரண்டு வயது, ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்தான். ஒரு நாள் மத்தியானம் அங்கே மூணாம் கழிவுநீர்த் தொட்டியில் பிணமாகக் கிடந்தான். குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உடம்பைப் பார்த்த அம்மாவுக்கு அழுகை வருவதற்கு முன்னால் கண்ணில் பட்டது டீசர்ட். கழுத்துப் பட்டியில் பிசிறு வெட்டாத டீசர்ட். காலையில் அவன் போட்டுக்கொண்டு போனது அது இல்லை. அதோடு, பிசிறு தொங்கும் துணியை அந்த வீட்டில் யாரும் போட்டதில்லை. செத்தவனுக்கு யாரோ புதுச்சட்டை மாட்டியிருக்கிறார்கள், பழைய சட்டையில் மறைக்க வேண்டியது எதுவோ இருந்திருக்கிறது. நாளுக்கு எழுநூறு பீஸ் பார்க்கிற கண் அது. யாரும் அதைக் கேட்கவில்லை. முதலாளி வீட்டுப் பையனோடு மோகன்ராஜுக்குத் தகராறு இருந்ததையும் யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக ஊர் வேறொன்றைப் பேசியது. அன்று காலையில் அம்மாவுக்கும் மகனுக்கும் சண்டையாம், இவள் வாய்க்குப் பயந்துதான் பையன் குடித்தானாம். இதை யார் கிளப்பிவிட்டார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

படம் எடுக்கச் சம்மதம் கேட்டபோது நிர்மலாக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என்ற பையன் குடிக்க மாட்டானுங்க சார். நானும் பொய் சொல்லலீங்க. அதைய மட்டும் நாலு பேருக்குத் தெரியற மாதிரி எடுத்துப்போடுங்க."

எடுத்தேன். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். படத்தில் அந்த அம்மா கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறாள், அவனுக்குத் தண்டனை கிடைப்பதில்லை, ஆனால் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அவன் யார் என்று தெரிந்துவிடும். கடைசியில் ‘இது உண்மைச் சம்பவம். திருப்பூர் மோகன்ராஜ் நினைவாக’ என்று திரையில் எழுத்து வரும். படம் வந்த மறுவாரம் செக்கிங் டேபிளில் பெண்கள் நிர்மலாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "இப்பத்தானுங்க சார் டவுன் பஸ்ஸுல நாலு பேரு மூஞ்சியப் பாத்து உக்காந்து வர்றேன்" என்று என்னிடம் சொன்னார். எனக்கு ஒரு விருதும் கிடைக்கவில்லை, அதைப் பற்றி வருத்தமும் இல்லை.

பிறகுதான் லண்டன்காரர்கள் வந்தார்கள். கேத்தரின் என்று ஒரு தயாரிப்பாளர். ‘மூணாம் தொட்டி’யை ஆறு வாரத் தொடராக இங்கிலீஷில் எடுக்கப்போகிறார்களாம். சப்டைட்டில் படிக்க அவர்கள் ஊர் ஜனத்துக்குப் பொறுமை கிடையாதாம். சாயப்பட்டறை அங்கே ஸ்காட்லாந்தில் மீன் பண்ணை ஆகும். கழிவுநீர்த் தொட்டி, மீன் வளர்க்கிற தொட்டி. மோகன்ராஜ் அங்கே ‘காலம்’ என்று பெயர் வைத்த ஒரு வெள்ளைக்காரப் பையன். சரி, மீனோ துணியோ, அம்மா அம்மாதானே என்று நினைத்தேன். ஆனாலும் கோயம்புத்தூர் வக்கீலை வைத்து இரண்டே இரண்டு நிபந்தனை போட்டேன். கதையின் முடிவை என் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது. மோகன்ராஜ் பெயர் வருகிற அந்தக் கடைசி எழுத்தை எடுக்கவே கூடாது. இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார்கள்.

"வெள்ளைக்காரனே ஆனாலும் நம்ம கையெழுத்து இல்லாம ஒரு எழுத்தை மாத்த முடியாதுக்கா" என்று செக்கிங் செக்‌ஷனில் போய் நான் பீற்றிக்கொண்டதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. கண்டெய்னர் வாசலில் நிற்கிறது, பன்னிரண்டாயிரம் பீஸில் ஒரு லாட் மட்டும் வேறு நிறம் அடிக்கிறது, பையர் மெயிலுக்கு மேல் மெயில் போடுகிறான். நடுவில் கேத்தரினிடமிருந்து ஒன்று. ‘ஃபார் யுவர் அப்ரூவல், ரிவிஷன் த்ரீ.’ கூடவே நாற்பத்தேழு பக்க அட்டாச்மென்ட். என் பையர்கள் எல்லாரும் இதே வார்த்தையில்தான் எழுதுவார்கள். என் விரல்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. "நோட்டட் வித் தேங்க்ஸ், ப்ளீஸ் ப்ரொசீட்." அனுப்பிவிட்டு நிறம் மாறிய லாட்டைப் பார்க்க ஓடினேன்.

ஐந்தாம் நாள் கேன்டீனில் டீயோடு உட்கார்ந்து அந்த நாற்பத்தேழு பக்கத்தைப் படித்தேன். நாற்பத்து நாலாம் பக்கத்தில் அம்மா மகனைத் தொட்டியில் தள்ளுகிறாள். அவன் ஒரு பெண்ணோடு ஊரைவிட்டுப் போகப் பார்க்கிறான், சண்டை வருகிறது, தள்ளிவிடுகிறாள். சட்டையை மாற்றுவதும் அவள்தான். ஆறு வாரம் கொலைகாரனைத் தேடுகிற மாதிரி நடிக்கிறாள், அல்லது தான் செய்ததை மறந்துவிட்டாள், எது என்று பார்வையாளர்களே முடிவு செய்துகொள்ளலாமாம். டீ ஆறி ஆடை கட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

எழுந்ததும் கேத்தரினுக்குப் போன் போட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கெஞ்சுவது, கெஞ்சினேன். அவள் பொறுமையாக விளக்கினாள். முதலாளி வீட்டுப் பையன்தான் கொன்றான் என்பது முதல் வாரமே எல்லாருக்கும் தெரிந்துவிடும், அதில் திருப்பம் இல்லை; அங்கே பார்க்கிறவர்களுக்குக் கடைசியில் ஒரு அடி வேண்டும். முதலாளி கொன்றால் அங்கே சுவாரஸ்யம் இல்லையாம். இங்கே கேஸே இல்லை.

"நீங்கள்தான் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டீர்களே சசி" என்றாள். டிவிக்காரர்களும் பார்த்து ஒத்துக்கொண்டாயிற்று, நடிகர்களையும் ஒப்பந்தம் செய்தாயிற்று. வக்கீலிடம் போனேன். அவர் மெயிலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஏனுங்க சசிகுமார், நீங்களே எழுதிக் குடுத்துப்போட்டு இப்ப எங்கிட்ட வந்தா நான் என்னத்தைங்க பண்றது?"

நிர்மலாக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெள்ளைக்காரன் தொடர், இங்கிலீஷ் பேச்சு, வீரபாண்டியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளிக்கு ஆயிரம் சமாதானம்.

ஒன்றரை வருஷம் கழித்துத் தொடர் வந்தது. தமிழில் டப்பிங்கோடு வந்தது. ‘நம்ம திருப்பூர்க் கதை உலக அளவில்’ என்று யாரோ செய்தி போட, ஊரே பார்த்தது. எங்கள் செக்கிங் பெண்கள் கம்பெனி வேனில் வரும்போது போனில் பார்த்தார்கள். ஆறாம் வாரம் அந்த வெள்ளைக்கார அம்மா, "நான்தான் என் பிள்ளையைக் கொன்னேன்" என்று சுத்தமான தமிழில் கதறினாள். அது முடிந்ததும் கறுப்புத் திரையில், என் நிபந்தனைப்படி ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், ‘இது உண்மைச் சம்பவம். திருப்பூர் மோகன்ராஜ் நினைவாக’ என்று வந்தது. அவர்கள் வாக்குத் தவறாதவர்கள்.

அடங்கிக் கிடந்த பேச்சு மறுநாளே கிளம்பிவிட்டது. நெருப்பில்லாமல் புகையுமா, உண்மைச் சம்பவம் என்றே போட்டிருக்கிறானே, பெற்றவளுக்குத் தெரியாமலா சட்டை மாறும் என்று பேசினார்கள். நிர்மலாக்கா சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போனார்களாம். நாலாம் நாள் அவர் வேலைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீரபாண்டிக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். ‘அக்கா, நான்தான் படிக்காமல் ஓகே போட்டேன்.’ ஐந்து வார்த்தை. வாய் திறப்பதற்குள் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களையும் ஏமாத்திப்போட்டானுகளே சார்! நீங்க எம்புட்டுப் பாடுபட்டு எடுத்தீங்க. வவுறு எரியுதுங்க."

எனக்காக அவர் அழுதார். நான் அவர் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தேன்.

"ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க சார். நாளைக்கு நான் வேலைக்கு வர்றேன். நீங்க செக்கிங்குக்கு வந்து, ‘எனக்குத் தெரியாம மாத்திப்போட்டாங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நான் சொன்னா ஆருங்க நம்பறா? நீங்க சொன்னா நம்புவாங்க."

தலையாட்டினேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு, மிஷின் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால், செக்கிங் செக்‌ஷனில் நாற்பது பெண்களுக்கு முன் நின்றேன். நிர்மலாக்கா தன் டேபிள் பக்கத்தில், இஸ்திரி போட்ட சேலையில் நின்றார். நான் பேசினேன். கதையைத் திருடிவிட்டார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவை மாற்றிவிட்டார்கள், நான் எடுத்ததுதான் உண்மை, அக்கா சத்தியவதி என்று சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன். இரண்டு மூன்று பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போது மோனிஷா என்று ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள், போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். தொடரை எடுத்த அந்த லண்டன் அம்மா பேட்டி குடுத்திருக்குதுங்க. கீழ தமிழ்ல எழுத்து ஓடுது. மெயில் அனுப்பி ஏழே நிமிஷத்துல நீங்க சம்மதம் எழுதி அனுப்பிட்டீங்கன்னு சொல்லுதுங்க. இத்தனை பெருந்தன்மையான டைரக்டர அது பாத்ததே இல்லியாமா. மெயிலக்கூடக் காட்டுதுங்க சார்."

நாற்பது முகமும் என் பக்கம் திரும்பியது. அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருந்தால் நிர்மலாக்காவுக்கு ஒன்றும் குறைந்திருக்காது, எனக்குத்தான் குறைந்திருக்கும். டேபிளில் கிடந்த ஒரு டீசர்ட்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

நிர்மலாக்கா வந்து மோனிஷாவின் கையிலிருந்த போனை மெதுவாகத் தாழ்த்தினார்.

"எழுதி வெச்சுப்போட்டா நெசமாயிருமா கண்ணு? என்ற பையன் குடிச்சுப்போட்டு உளுந்தான்னுங்கூட எழுதித்தான் வெச்சிருந்தாங்க, சீலு குத்தி. சார் அப்படிப்பட்ட ஆளு இல்ல. வேணும்னா என்ற பையன் மேல சத்தியம் பண்றேன்."

பண்ணினார். வலது கையைத் தன் தலையில் வைத்து, செத்துப்போன மகனின் பெயரைச் சொல்லி, அத்தனை பேர் முன்னால் எனக்காகச் சத்தியம் பண்ணினார். மோனிஷாவுக்கு முகம் சுண்டிப்போனது. போனைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க சார்" என்றாள்.

"பரவாயில்லம்மா" என்று அவளை மன்னித்துவிட்டு, மேலே என் சீட்டுக்குப் போனேன்.